அலுவலகத் தொலைபேசியில் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வரும் அழைப்புகள்: கண்டறிந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

அலுவலகத்தில் ஒரு தொலைபேசி அடிக்கடி மணியடிக்கிறது, எடுத்தால் மறுமுனையில் பேச்சே இல்லை, திரையில் 100 அல்லது 1001 என்று பொருளற்ற ஓர் எண் தெரிகிறது என்ற புகார் வந்ததும், பெரும்பாலானோர் அந்த எண்ணைத் தடை செய்வார்கள், அல்லது தொலைபேசியைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிடுவார்கள். இரண்டும் காரணத்தைத் தொடுவதில்லை. இரண்டாவது செயல், கண்டறிவதற்கு இருந்த தடயத்தையும் அழித்துவிடுகிறது.

இந்தப் பணியில் விடை காண வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: அந்த அழைப்பு எந்த வழியாக உள்ளே வந்தது? அதற்கு விடை கிடைக்கும்வரை எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது. கீழுள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் அழைப்புகளை இணைக்கும் உள் தொலைபேசி நிலையம்), ரூட்டர், தொலைபேசிகள் ஆகிய மூன்றின் நிர்வாகக் கடவுச்சொற்களும் வேண்டும். இவற்றுள் ரூட்டரின் கடவுச்சொல் பெரும்பாலும் வேறொருவரிடம் இருக்கும். பாதி வழியில் அதற்காகக் காத்திருக்க நேர்ந்தால் அதுவரை சேர்த்த பதிவுகள் பழையவற்றோடு அழிந்துபோகலாம் என்பதால், முதலிலேயே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் (உள் தொலைபேசி எண்) எந்த ஐபி முகவரியில், எந்த மேசையில் உள்ளது என்ற பட்டியலும், எந்த எக்ஸ்டென்ஷன் எந்த ரிங் குரூப்பில் (ஒரே அழைப்புக்கு மணியடிக்கும் தொலைபேசிகளின் குழு) அல்லது அழைப்பு வரிசையில் சேர்ந்திருக்கிறது என்ற விவரமும் தேவை. பிபிஎக்ஸின் தற்போதைய அமைப்பை ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள்.

பாக்கெட் பிடிப்பு (நெட்வொர்க்கில் செல்லும் தரவைப் பதிவு செய்தல்) எடுப்பதானால் நிர்வாகத்தின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது நல்லது. எஸ்ஐபி (இணையவழி அழைப்புகளைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை) சமிக்ஞைகளை மட்டும் பிடித்தாலே இந்த வேலைக்குப் போதும். பேச்சைச் சுமந்து வரும் பாக்கெட்டுகளைப் பிடித்தால் ஊழியர்களின் உரையாடல்களும் சேர்ந்து பதிவாகிவிடும்.

2. எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றாக்குங்கள்

பிபிஎக்ஸ், ரூட்டர், தொலைபேசி ஆகிய மூன்றும் ஒரே என்டிபி சர்வரிலிருந்து (நெட்வொர்க் வழியே சரியான நேரம் தரும் சர்வர்) நேரம் பெறுகின்றனவா, நேர மண்டலம் ஒன்றாக உள்ளதா என்று பாருங்கள். தொலைபேசி காட்டும் நேரத்துக்கும் பிபிஎக்ஸ் காட்டும் நேரத்துக்கும் நான்கு நிமிடம் வித்தியாசம் இருந்தாலே, அடுத்த இரண்டு படிகளில் செய்யப்போகும் ஒப்பீடு முழுவதும் தவறாகிவிடும். புதியவர்கள் தாண்டிச் செல்லும் படி இதுதான். பின்னால் அதிகக் குழப்பம் தருவதும் இதுதான்.

3. மணியடிக்கும் இடத்தில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்

"நாள் முழுக்க அடிக்கிறது" என்ற புகாரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. தொலைபேசியின் அருகே ஒரு தாளை வைத்து, மணியடித்த நேரம், திரையில் தெரிந்த எண், எத்தனை முறை மணியடித்தது, எடுத்தபோது என்ன கேட்டது, அதே நேரத்தில் வேறு எந்த மேசையில் மணியடித்தது ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள்.

எடுத்தபோது கேட்ட ஒலி தனிக் கவனத்துக்குரியது. முழு அமைதி, சில நொடி அமைதிக்குப் பின் ஒரு குரல், ஏறக்குறைய மூன்று நொடிக்கு ஒருமுறை ஒரு குறும் பீப் ஒலி, ஏற்கெனவே பேசிய அதே வாடிக்கையாளரின் குரல் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு காரணங்களைச் சுட்டுகின்றன. இதைக் குறித்து வைக்காத புகாரில் பாதித் தகவல் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இரவில் யாரும் இல்லாத நேரத்துக்கு, தொலைபேசியின் சொந்த மிஸ்டு கால் பட்டியலே குறிப்பாகப் பயன்படும். அதை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. குறிப்பை பிபிஎக்ஸின் அழைப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்

சிடிஆர் எனப்படும் அழைப்புப் பதிவேட்டைத் திறந்து, தாளில் உள்ள ஒவ்வொரு நேரத்துக்கும் நேரான வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த வழிகாட்டியின் மையமே இந்த ஒப்பீடுதான். இதன் முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும்.

தொலைபேசி மணியடித்திருக்கிறது, ஆனால் பதிவேட்டில் வரியே இல்லை என்றால், அந்த அழைப்பு பிபிஎக்ஸைத் தொடாமல் நேராகத் தொலைபேசிக்கு வந்திருக்கிறது. 5ஆம் படிக்குச் செல்லுங்கள்.

வரி இருக்கிறது, ஆனால் அழைப்பு உள் எக்ஸ்டென்ஷனிலிருந்தோ வரிசையிலிருந்தோ வந்ததாக உள்ளது, அல்லது தொலைபேசியில் எட்டு மிஸ்டு கால் இருக்கும்போது பதிவேட்டில் ஒரே அழைப்புதான் இருக்கிறது என்றால், 6ஆம் படிக்குச் செல்லுங்கள்.

வெளி லைன் வழியாக வந்ததாகப் பதிவாகியிருந்தால், லைன் அனலாக் வகையாக (வழக்கமான செப்புக் கம்பி லைன்) இருப்பின் 7ஆம் படியையும், இல்லையெனில் 8ஆம் படியையும் பாருங்கள்.

சில பிபிஎக்ஸ்களில் பதிலளிக்கப்படாத அழைப்புகளைப் பதிவு செய்வது நிறுத்தப்பட்டிருக்கும். அந்நிலையில் பதிவேடு வெறுமையாக இருப்பது எதையும் நிரூபிக்காது. எனவே, முதலில் நீங்களே கைபேசியிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்து, எடுக்கும் முன்பே துண்டித்து, அது பதிவேட்டில் விழுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

5. பதிவேட்டில் இல்லாத அழைப்புகள்

இவையே கோஸ்ட் கால் என்று பரவலாகச் சொல்லப்படுபவை. இணையத்தில் தானியங்கி நிரல்கள் இடைவிடாமல் ஐபி முகவரிகளைத் தட்டிப் பார்த்து, எஸ்ஐபியின் வழக்கமான போர்ட்டான யூடிபி 5060இல் யாராவது பதில் சொல்கிறார்களா என்று தேடுகின்றன. பாதுகாப்பில்லாத ஒரு பிபிஎக்ஸ் கிடைத்தால், அதன் வழியாகக் கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு அழைத்துப் பணம் பார்ப்பதே நோக்கம். அந்தத் தேடலில் அனுப்பப்படும், அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தி ஒரு மேசைத் தொலைபேசியை எட்டினால், அது உண்மையான அழைப்பென்று எண்ணித் தொலைபேசி மணியடிக்கிறது. மறுமுனையில் மனிதரும் இல்லை, ஒலியும் அனுப்பப்படுவதில்லை என்பதால், எடுத்தால் முழு அமைதிதான்.

அடையாளம் எளிது. திரையில் 100, 101, 1000, 1001 போன்ற குறுகிய எண்கள் தோன்றும். இரவு பகல் வேறுபாடு இருக்காது. பாக்கெட் பிடிப்பில் அனுப்பிய மென்பொருளின் பெயரைச் சொல்லும் யூசர் ஏஜென்ட் என்ற வரியில் "ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்" என்று இருந்தால், அது எஸ்ஐபிவிஷியஸ் என்ற கருவியின் இயல்பான பெயர். ஆனால் அந்த வரியை அனுப்புபவர் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அந்தப் பெயர் இல்லாததை வைத்து ஐயத்தைக் கைவிட வேண்டாம். செய்தி எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்பதையே பாருங்கள். அது உங்கள் பிபிஎக்ஸின் முகவரியாக இல்லாவிட்டால் விஷயம் முடிந்தது.

"நாங்கள் ரூட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்கவில்லையே" என்ற கேள்வி இங்கே தவறாமல் எழும். பிபிஎக்ஸ் இணையத்தில் வேறிடத்தில் இருந்தால், அங்கே பதிவு செய்துகொள்ளத் தொலைபேசி தானே வெளியே செய்தி அனுப்புகிறது. அதற்கான பதில் திரும்பி வர ரூட்டர் ஒரு சிறு வழியைத் திறந்து வைக்கிறது. சில ரூட்டர்கள் அந்த வழியாக, தொலைபேசி பேசிய சர்வரை மட்டுமன்றி, யாரை வேண்டுமானாலும் உள்ளே விடும். இதற்கு மேலாக, யூபிஎன்பி இயங்கிக்கொண்டிருந்தால் சாதனங்கள் தாமாகவே போர்ட்டுகளைத் திறந்துகொள்ளவும் முடியும்.

சரிசெய்வதில் ரூட்டர் முதலில், தொலைபேசி அடுத்து என்ற வரிசையைப் பின்பற்றுங்கள். ரூட்டரில் தொலைபேசிகளை நோக்கிய போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை ஓர் உள் சாதனத்துக்கு அனுப்பும் விதி), டிஎம்இசட் (ஒரு சாதனத்தை முழுதாக இணையத்துக்குத் திறந்துவிடும் அமைப்பு), யூபிஎன்பி ஆகியவற்றை நீக்கிவிட்டு, எஸ்ஐபி போக்குவரத்து பிபிஎக்ஸ் அல்லது சேவை வழங்குநரின் முகவரிகளிலிருந்து மட்டுமே வர ஃபயர்வாலில் விதி எழுதுங்கள். கதவைச் சாத்தாமல் ஒவ்வொரு மேசையாகப் போய்த் தொலைபேசிகளைத் திருத்தினால், அடுத்த மாதம் வாங்கும் புதிய தொலைபேசியில் அதே மணி மறுபடி கேட்கும்.

பிறகு தொலைபேசியில், தன் சர்வரிடமிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும் அமைப்பை இயக்குங்கள். யீலிங்க் கருவிகளில் இது "அக்செப்ட் எஸ்ஐபி டிரஸ்ட் சர்வர் ஒன்லி" என்றும், கிராண்ட்ஸ்ட்ரீமில் "அக்செப்ட் இன்கமிங் எஸ்ஐபி ஃப்ரம் ப்ராக்ஸி ஒன்லி" என்றும், பழைய சிஸ்கோ எஸ்பிஏ வகைகளில் "ரெஸ்ட்ரிக்ட் சோர்ஸ் ஐபி" என்றும் இருக்கும். நேரடி ஐபி அழைப்பை அனுமதிக்கும் தெரிவு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். ஒரு தொலைபேசியில் சோதித்து, உண்மையான அழைப்புகள் தடையின்றி வருவதை உறுதிசெய்த பிறகே மற்றவற்றுக்குப் பரப்புங்கள். வழங்குநர் பல சர்வர்களிலிருந்து அழைப்பை அனுப்புபவராக இருந்தால், இந்த அமைப்பு நல்ல அழைப்புகளையும் மறுத்துவிடக்கூடும்.

தொலைபேசியின் எஸ்ஐபி போர்ட்டை 5060இலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றினால் மணி உடனே நின்றுபோவதுண்டு. பலர் அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். வழி திறந்தே இருக்கிறது, தேடுபவர் இன்னும் அந்தக் கதவு எண்ணை முயலவில்லை என்பதே இதன் பொருள். கூடுதல் காப்பாக வைத்துக்கொள்ளலாம். தீர்வாகக் கொள்ள வேண்டாம்.

கடைசியாக, இதே தேடல் உங்கள் பிபிஎக்ஸையும் தட்டியிருக்கும் என்று கருதிச் செயல்படுங்கள். வெளிச்செல்லும் அழைப்புகளின் பதிவேட்டை, குறிப்பாக இரவு நேரத்தையும் வெளிநாட்டு எண்களையும், வரி வரியாகப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்கள் அதை அன்றே மாற்ற வேண்டும். ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளைச் சார்ந்த பிபிஎக்ஸ்களில் அடையாளம் காட்டாத எஸ்ஐபி அழைப்புகளை ஏற்கும் தெரிவை அணைத்து, தவறான கடவுச்சொல்லோடு மீண்டும் மீண்டும் வரும் முகவரிகளைத் தடுக்க ஃபெயில்டுபேன் என்ற மென்பொருளை இயக்குங்கள். மணிச் சத்தம் ஒரு தொல்லை மட்டுமே. பணம் கரைவது இங்கேதான்.

6. உள்ளிருந்தே எழும் அழைப்புகள்

அழைப்பு வரிசையிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் இங்கேதான் எண்ணிக்கை ஏமாற்றுகிறது. ஒரே வாடிக்கையாளர் வரிசையில் காத்திருக்கும்போது, பிபிஎக்ஸ் ஊழியரின் தொலைபேசியைப் பதினைந்து நொடி ஒலிக்கவிட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி ஒலிக்கவிடும். அவர் இருக்கையில் இல்லாவிட்டால், திரும்பி வரும்போது திரையில் ஒரே எண்ணிலிருந்து எட்டுப் பத்து மிஸ்டு கால் இருக்கும். அழைத்தவர் ஒருமுறைதான் அழைத்தார். ஊழியர் இருக்கையை விட்டு எழும்போது வரிசையிலிருந்து விலகும் பழக்கமும், எடுக்காதவரைத் தானாக இடைநிறுத்தும் அமைப்புமே இதற்கு மருந்து.

அடுத்து ஃபார்வர்டிங் சுழற்சி. எடுக்காவிட்டால் 201இலிருந்து 202க்கும், 202இலிருந்து மீண்டும் 201க்கும் அழைப்பு போகும்படி இரு ஊழியர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் அமைத்திருப்பார்கள். ரிங் குரூப்பின் நேரம் முடிந்ததும் செல்ல வேண்டிய இடமாக அதே ரிங் குரூப்பையே கொடுத்திருப்பதும் இவ்வகைதான். ஓர் அழைப்பின் பகுதிகள் அனைத்தையும் இணைக்கும் அடையாள எண் பதிவேட்டில் ஒன்றாகவே இருந்தால், சுழல்வது ஒரே அழைப்பு என்பது உறுதி. ஒவ்வொரு பாதையின் முடிவிலும் வாய்ஸ்மெயில் அல்லது துண்டிப்பு என ஓர் இறுதி இடம் இருக்கிறதா என்று தாளில் அம்பு வரைந்து பாருங்கள். திரையில் பார்த்தால் தப்பிவிடும் சுழற்சி தாளில் உடனே தெரியும்.

ஹோல்டு, பார்க் (வேறொருவர் எடுக்கும்படி அழைப்பை நிறுத்தி வைத்தல்), மாற்றிவிடுதல் ஆகிய மூன்றும் குறித்த நேரம் கடந்தால் அழைப்பை முதலில் எடுத்தவரிடமே திருப்பி அனுப்பும். இது பழுதன்று. ஆனால் அந்த நேரம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தால், வரவேற்பு மேசைக்கு அது ஓயாத தொல்லையாகிவிடும்.

அனலாக் கருவிகளில் இதன் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. ஊழியர் பேசி முடித்து, ரிசீவரை வைப்பதற்குப் பதிலாகக் கொக்கியை விரலால் ஒரு கணம் அழுத்தி விடுகிறார். பிபிஎக்ஸ் அந்தக் குறும் அழுத்தத்தைத் துண்டிப்பாகக் கொள்ளாமல், ஃப்ளாஷ் (அழைப்பை நிறுத்தி வைக்கக் கேட்கும் சமிக்ஞை) எனக் கொண்டு அழைப்பை ஹோல்டில் வைக்கிறது. பிறகு அவர் ரிசீவரை வைத்ததும், "உங்களுக்காக ஓர் அழைப்பு காத்திருக்கிறது" என்று மணியடிக்கிறது. எடுத்தால் சற்றுமுன் விடைபெற்ற அதே ஆள் லைனில் இருப்பார், அல்லது அவர் வைத்துவிட்டதால் அமைதியாக இருக்கும். குறிப்புத் தாளில் ஒவ்வொரு மர்ம அழைப்பும் ஓர் உண்மை உரையாடல் முடிந்த சில நொடிகளுக்குள் வந்திருந்தால் இதையே சந்தேகியுங்கள். ஃப்ளாஷ் நேர வரம்பைச் சுருக்குவதும், ரிசீவரை முழுமையாக வைக்கச் சொல்வதும் போதும். தளர்ந்த கொக்கியும் ஈரமேறிய வயரும் இதே விளைவைத் தரும்.

மீதமுள்ளவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம்: யாரோ தெரியாமல் இயக்கிய "பிஸி தீர்ந்ததும் அழை" வசதி, நினைவூட்டல் அழைப்பு, வாய்ஸ்மெயில் வந்ததை அறிவிக்கும் அழைப்பு, வேலையை விட்டுச் சென்றவரின் எக்ஸ்டென்ஷனில் நீக்கப்படாத ஃபார்வர்டிங். அழைப்புகள் தினமும் ஒரே கடிகார நேரத்தில் வந்தால் இவற்றை முதலில் தேடுங்கள்.

7. அனலாக் லைனில் பொய் மணி

சாதாரணத் தொலைபேசி லைனில் ஓய்வு நிலையில் பொதுவாக 48 வோல்ட் அளவில் நேர் மின்னழுத்தம் இருக்கும்; மணியடிக்க ஏறக்குறைய 90 வோல்ட் மாறு மின்னழுத்தம் அதன்மேல் ஏற்றப்படும். அனலாக் லைனை பிபிஎக்ஸோடு இணைக்கும் கேட்வே கருவியின் எஃப்எக்ஸ்ஓ போர்ட் (லைன் செருகப்படும் இடம்) இந்த ஏற்றத்தைப் பார்த்தே மணி வந்ததென முடிவு செய்கிறது. ஈரம், தளர்ந்த இணைப்பு, மின் கம்பிகளுக்கு அருகே செல்லும் வயர் ஆகியவை உண்டாக்கும் இரைச்சலையும் அது மணி என எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படி வந்தவற்றில் காலர் ஐடி இருக்காது. மழை நாட்களில் அதிகரிக்கும்.

சோதனை: லைனை கேட்வேயிலிருந்து கழற்றி, ஒரு சாதாரணத் தொலைபேசியில் நேராகச் செருகி விட்டுவிடுங்கள். அதிலும் மணியடித்தால் அழைப்பு லைனிலேயே வருகிறது. அது அமைதியாக இருக்க, லைனே செருகப்படாத போர்ட்டில் பிபிஎக்ஸ் இன்னும் அழைப்பு காட்டினால் பழுது போர்ட்டில். இரண்டிலும் ஒன்றுமில்லாமல், லைனை மறுபடி கேட்வேயில் செருகியவுடன் தொல்லை திரும்பினால், மணியை உணரும் வரம்பை உயர்த்துங்கள். வயரின் முனைகளையும் புதிதாக இணைத்துவிடுங்கள்.

8. உண்மையாகவே வெளியிலிருந்து வருபவை

மூன்று நொடிக்கு ஒருமுறை அரை நொடி பீப் ஒலி கேட்டால், உங்கள் எண்ணை ஃபேக்ஸ் எண் என்று நினைத்து ஓர் இயந்திரம் அழைக்கிறது. 1100 ஹெர்ட்ஸில் வரும் அந்த ஒலி, அழைக்கும் ஃபேக்ஸின் அறிமுகம். ஆவணம் போய்ச் சேரும்வரை, அல்லது முயற்சி எண்ணிக்கை தீரும்வரை, ஒரே இடைவெளியில் அது திரும்ப அழைத்துக்கொண்டே இருக்கும். துண்டித்துத் துண்டித்துப் பயனில்லை. அந்த எண்ணைச் சிறிது நேரம் ஒரு ஃபேக்ஸ் இயந்திரத்துக்கோ ஃபேக்ஸ் பெறும் மென்பொருளுக்கோ திருப்பிவிட்டுப் பக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தின் தலைப்பு வரியில் அனுப்புநரின் பெயரும் எண்ணும் வழக்கமாக அச்சாகியிருக்கும். அவரிடம் பேசி எண்ணைத் திருத்தச் சொல்லலாம்.

ஒரே எண், ஒரே இடைவெளி, ஆனால் ஃபேக்ஸ் ஒலி இல்லை என்றால், எச்சரிக்கைக் கருவி அல்லது லிஃப்ட் தொலைபேசி போன்ற தானாக எண் சுழற்றும் சாதனமாக இருக்கலாம். இப்போது உங்களுடையதான எண் முன்பு வேறொருவருடையதாக இருந்திருந்தால் இது நேரும்.

சில நொடி அமைதிக்குப் பிறகு குரல் வந்தாலோ, குரலே வராமல் துண்டிக்கப்பட்டாலோ அது விற்பனை நிறுவனங்களின் தானியங்கி டயலர். ஒரே ஒரு மணியோடு நின்றுவிடும் வெளிநாட்டு எண்களுக்கு யாரும் திரும்ப அழைக்க வேண்டாம் என்று எல்லா ஊழியர்களுக்கும் சொல்லிவிடுங்கள்; திரும்ப அழைப்பவரிடமிருந்து கட்டணம் பறிப்பதே அதன் நோக்கம்.

அறிமுகமில்லாத பலர் அழைத்து, "எங்களுக்கு ஏன் அழைத்தீர்கள்?" என்று கேட்டால், வெளிச்செல்லும் பதிவேட்டைத் திறந்து அந்த எண்களைத் தேடுங்கள். இருந்தால் உங்கள் எக்ஸ்டென்ஷன் ஒன்று திருடப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் வேறு யாரோ உங்கள் எண்ணைப் போலிக் காலர் ஐடியாகப் பயன்படுத்துகிறார்கள். அதை வழங்குநரிடம்தான் முறையிட முடியும்.

இன்னொரு வகையைத் தொல்லை என்று தள்ளிவிடாதீர்கள். ஓர் உண்மையான வாடிக்கையாளரே திரும்பத் திரும்ப அழைக்கிறார், ஏனெனில் ஒவ்வொரு முறையும் குரல் கேட்காமல் அழைப்பு அறுந்துபோகிறது. பதிவேட்டில் பேச்சு நேரம் தொடர்ந்து 32 நொடியை ஒட்டியே இருந்தால், அழைப்பை எடுத்ததற்கான உறுதிச் செய்தி திரும்பி வந்து சேரவில்லை என்று பொருள். எஸ்ஐபியின் வழக்கமான காத்திருப்பு எல்லை அதுதான். ரூட்டரின் எஸ்ஐபி ஏஎல்ஜி வசதி செய்திகளில் உள்ள முகவரிகளைத் தவறாக மாற்றுவது இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம். அதை அணைத்து, பிபிஎக்ஸில் வெளி ஐபி முகவரி சரியாகக் கொடுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

9. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

ரூட்டர் விதி, தொலைபேசி அமைப்பு, ரிங் குரூப் ஆகிய மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால், மணி நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. வேறொன்று கெட்டுப்போனாலும் எதனால் கெட்டது என்று தெரியாது. ஒரு மாற்றம் செய்து, நேரத்தோடு எழுதிவைத்து, முன்பு அழைப்புகள் வந்த இடைவெளியைப் போல் பல மடங்கு காலம் காத்திருங்கள். மணிக்கொருமுறை வந்தது ஒரு நாள் வராவிட்டால் நம்பலாம். வாரம் ஒருமுறை வந்தது ஒரு நாள் வராததில் எந்தத் தகவலும் இல்லை.

டு நாட் டிஸ்டர்பை இயக்கி மணியை நிறுத்துவது சோதனைக் காலத்தில் கூடவே கூடாது. அழைப்பு வந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு மட்டும் தெரியாது.

10. வழங்குநரிடம் எடுத்துச் செல்லும்போது

லைன் பழுது, போலிக் காலர் ஐடி, தொல்லை தரும் ஒரே எண் ஆகியவற்றுக்கு வழங்குநரின் உதவி வேண்டும். அழைப்பின் தேதி, நொடி வரையிலான நேரம், நேர மண்டலம், அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், எஸ்ஐபி லைனாக இருந்தால் கால் ஐடி (ஒவ்வொரு அழைப்புக்கும் உரிய தனி அடையாளம்) ஆகியவற்றோடு மூன்று நான்கு அண்மைய எடுத்துக்காட்டுகளைக் கொடுங்கள். வழங்குநர்கள் விரிவான பதிவுகளை நீண்ட நாள் வைத்திருப்பதில்லை என்பதால் பழைய எடுத்துக்காட்டுகளை அவர்களால் தேடிப் பார்க்க முடியாமல் போகலாம்.

சிக்கல் தீர்ந்ததும், சோதனைக்காக உயர்த்திய பதிவு அளவை பிபிஎக்ஸில் பழைய நிலைக்குக் குறைத்து, பாக்கெட் பிடிப்புக் கோப்புகளை நீக்கிவிடுங்கள். அவற்றை அப்படியே ஓடவிட்டால் சில வாரங்களில் வட்டு நிரம்பி, பிபிஎக்ஸ் நின்றுபோகக்கூடும்.